இன்னொரு நாற்காலி

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்க வாயாலயே சொல்லுங்க, மிஸ்டர் கூம்ப்ஸ்," என்றார் நீதிபதி.

டெல்மர் நின்றுகொண்டிருந்தான்.

மற்ற கேள்விகளையெல்லாம் கடந்தாகிவிட்டது. ஒப்புக்கொள்ளச் சொல்லி யாராவது மிரட்டினார்களா? இல்லை. மது, மாத்திரை ஏதாவது? இல்லை. ஜூரி முன்னால் வழக்காடும் உரிமையை இதோடு விட்டுக்கொடுக்கிறீர்கள், தெரியுமா? தெரியும்.

ஒற்றைச் சொல் பதில்கள். தவறு செய்ய அதில் இடமில்லை.

இந்தக் கேள்வியில் இருந்தது.

ரெனி, நீதிமன்றம் அவனுக்கு அமர்த்திக் கொடுத்த வக்கீல், ஒரு வாரமாக ஒரே ஒரு சொல்லைத்தான் அவன் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தாள்.

"நாங்க கடைய நடத்தினோம். நாங்க அந்த டாக்டர் கையெழுத்த..."

"நிறுத்துங்க. யாரு அது, 'நாங்க'?"

"நான்தான்."

"அப்ப 'நான்'னே சொல்லுங்க. இது ஃபெடரல் கேஸ், டெல்மர். அங்க போய் ஒரு தடவை 'நாங்க'ன்னு வாய விட்டீங்க, உங்க பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டுடுவாங்க."

அதில் யார் உட்காருவார்கள் என்று ரெனி கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஊரில் இதை வைத்து ஒரு கேலியே உண்டு. டெல்மருக்குப் பல் வலித்தால்கூட 'எங்களுக்குப் பல்வலி' என்றுதான் சொல்வான் என்பார்கள். கல்யாணமானதிலிருந்து அவனுக்கும் லெட்டாவுக்கும் ஒரே கடை, ஒரே வண்டி, ஒரே வாய்.

முழங்கால் பட்டையும் சக்கர நாற்காலியும் விற்ற கடை. நோயாளியின் முகத்தையே பார்க்காத ஒரு டாக்டரின் கள்ளக் கையெழுத்தை வைத்து, அரசின் முதியோர் காப்பீட்டிலிருந்து பணம் வாங்கிய கடை.

வழக்கு அவன்மேல் மட்டும்தான். லெட்டா பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், சர்ச்சுக்குப் போடும் நீலக் கோட்டில்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தச் சொல் தானாக வந்துவிடும்.

தனக்கு ஜெயிலில் எத்தனை வருஷம் கிடைத்தாலும் சரி என்று அவன் என்றோ மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டான். லெட்டாவால் அது முடியாது. மூடிய கதவுக்குப் பின்னால் அவளுக்கு மூச்சு முட்டும். குளியலறைக் கதவைக்கூட ஒருக்களித்துத்தான் வைப்பாள்.

அரசுத் தரப்பில் ஒரு சாட்சி இருப்பதாக ரெனி சொல்லியிருந்தாள். யார் என்பதை விசாரணை நெருங்கும்வரை சொல்லமாட்டார்களாம். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் சொல்லவே வேண்டியதில்லையாம்.

டாக்டராகத்தான் இருக்கும் என்று டெல்மர் முடிவு கட்டியிருந்தான். டாக்டருக்கு லெட்டாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது போதும்.

"நான்..." டெல்மர் மறுபடி தொடங்கினான். "நான் கடைய நடத்தினேன், யுவர் ஆனர். டாக்டர் பாக்காத ஆளுங்கள பாத்ததா எழுதினேன். அவரு கையெழுத்த நா..."

நாக்கு அங்கேயே நின்றது. இரண்டு சொல்லுக்கும் முதலெழுத்து ஒன்றுதான்.

நீதிபதி நிமிர்ந்தார். அரசு வழக்கறிஞர் பேனாவை எடுத்தார்.

ரெனியின் முழங்கை அவன் விலாவில் இடித்தது.

"...நானே போட்டேன்."

பேனா கீழே போனது.

முடிந்தது. பக்கத்தில் நாற்காலி இல்லை. லெட்டா வீட்டுக்குப் போவாள்.

நீதிபதி அரசு வழக்கறிஞர் பக்கம் திரும்பினார். வழக்கு நடந்திருந்தால் வேறு என்ன நிரூபித்திருப்பீர்கள் என்று கேட்டார். வழக்கமான கேள்வி. வரும் என்று ரெனி சொல்லியிருந்தாள்.

"இன்னும் ஒரு சின்ன விஷயம், யுவர் ஆனர். இந்தக் கையெழுத்த இவர் பழகியிருக்கார். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, வீட்டுச் சமையல் மேசையில தூவியிருந்த மாவுல, விரலால. எழுதி எழுதி அழிச்சிருக்கார்."

டெல்மருக்கு அந்தக் காலை நினைவிருந்தது.

பிஸ்கட் தட்டத் தூவிய மாவு. அடுப்பில் காப்பி. மேசைமேல் வெயில்.

"பாரு டெல், அந்த ஆளுக்கே இவ்ளோ அழகா வராது!" என்று சிரித்த குரல்.

நுனியில் மாவு ஒட்டிய விரல். அவன் விரல் அல்ல.

அந்தச் சமையலறையில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். அவன் இதை ரெனியிடம்கூடச் சொன்னதில்லை. அப்படியென்றால் அந்தச் சாட்சி டாக்டர் அல்ல.

"இது சரிதானா, மிஸ்டர் கூம்ப்ஸ்?" என்று கேட்டார் நீதிபதி.

அவன் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான்.

லெட்டா அவனைப் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு, ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதையோ உதிர்ப்பதுபோல.



"சரிதான், யுவர் ஆனர்," என்றான் டெல்மர். "நான்தான்."

இந்த முறை நாக்கு தடுமாறவில்லை.