பானுஜன் குடிக்காத தேத்தண்ணீர்

பானுஜனுக்கு முன்னால் தேத்தண்ணீர் வந்துவிட்டது. ஆவி பறந்தது.

அவன் அதைப் பார்த்தான். எதிரே உட்கார்ந்திருந்த கலாவதி அவனைப் பார்த்தாள்.

“குடியுங்கோ தம்பி. ஆறப்போகுது.”

அவன் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. இரசாயன ஆலையின் பெயர், கீழே அவன் படம், அதற்கும் கீழே ‘அயலவர் தொடர்பு’ என்று ஜெர்மன் மொழியில் ஒரு பதவி. ஆலைக்குப் பின்னாலுள்ள குடியிருப்பின் குடிதண்ணீரில் ஆலைக் கழிவு கலந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதியதும் அவசரம் அவசரமாக முளைத்த பதவி அது. அங்கே நிறையத் தமிழ்க் குடும்பங்கள். பானுஜனுக்குத் தமிழ் தெரியும். சுவிஸ் நகரமான வின்டர்தூரில் பிறந்து பல்கலைக்கழகம் வரை படித்த பிள்ளையை, வீடு வீடாகப் போய் ‘பயப்படாமல் குடிக்கலாம்’ என்று சொல்லிவிட்டு வா என அனுப்பிவிட்டார்கள்.

மேலிடத்தில் எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் தேத்தண்ணீர் குடிக்காமல் எழும்ப விடமாட்டார்கள் என்பது மட்டும் ஒரு மண்டைக்கும் எட்டவில்லை.

ஆலை அலுவலகத்தில் குழாய்த் தண்ணீரை எல்லோரும் எப்போதோ கைவிட்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்த மறுநாள், மாடிக்கு மாடி பெரிய பெரிய தண்ணீர்க் கலன்கள் வந்து நின்றன, அவ்வளவுதான். அந்த முடிவைப் பானுஜனும் பார்த்திருந்தான். வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும்.

ஆகவே இந்தக் கிழமை முழுதும் சாக்குச் சொல்லியே ஓட்டினான். ஒரு வீட்டில் விரதம் என்றான். அடுத்த வீட்டில் வயிற்றெரிவு என்றான். இன்னொரு வீட்டில் தேத்தண்ணீர், கோப்பி எதுவும் பழக்கமில்லை என்றான். அந்த வீட்டுக்காரி மைலோ கரைக்க எழுந்தபோது, அவசர அழைப்பு என்று தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஓடித் தப்பினான்.

“சுகந்தி வீட்டை விரதமாம். இராசம்மா வீட்டை வயித்தெரிவாம். எங்கட வீட்டை என்ன வருத்தம் தம்பி?” என்று கேட்டாள் கலாவதி.

அவன் கோப்பையை எடுத்தான். உதடு வரை கொண்டுபோனான். ஊதினான். ஊதுவதற்குத்தான் சம்பளம் என்பதுபோல் நன்றாக ஊதிவிட்டுக் கீழே வைத்தான்.

கலாவதி வற்புறுத்தவில்லை. எழுந்து எதிரிலிருந்த குசினிக்குப் போனாள். குழாயைத் திறந்து கேத்தலை நிரப்பினாள். அலுமாரியிலிருந்து குழந்தைப் பால்மாப் பேணியும் ஒரு பால் போத்தலும் வெளியே வந்தன.

“பிள்ளை எழும்பப்போகுது” என்று சாத்தியிருந்த அறைக் கதவைக் காட்டினாள்.

கரண்டி கரண்டியாக மா விழுந்தது. பானுஜன் கண்ணை யன்னல் பக்கம் திருப்பினான். அங்கே ஆலையின் புகைபோக்கி நின்றது. சுவர்ப் பக்கம் திருப்பினான். அங்கே கலண்டர் முருகன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தன் சப்பாத்தைக் கழற்றிய காலையே பார்க்கத் தொடங்கினான்.

கலாவதி கொதித்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கினாள். போத்தலைக் குழாயின் கீழ் பிடித்து ஆறவைத்தாள். மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு அறைக் கதவை நோக்கி நடந்தாள்.

நாசமாய்ப்போன வேலை.

“அன்ரி, குடுக்காதேங்கோ!” பாய்ந்துபோய்ப் போத்தலைப் பறித்தான். “கொதிக்க வைச்சாலும் அது போகாது. ஆலையில நாங்கள் ஒருத்தரும் இந்தத் தண்ணியைக் குடிக்கிறேல்லை.”

சொல்லி முடித்ததும் அவனுக்கே ஆறுதலாக இருந்தது. வேலை போனால் போகட்டும், ஒரு பிள்ளையைக் காப்பாற்றியாயிற்று. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கலாவதி கதவைத் திறந்தாள்.

அவளுக்குக் கைப்பிள்ளை ஏது? இருக்கும் ஒரே மகன் சுவிஸ் இராணுவப் பயிற்சி முகாமில் துவக்குத் துடைத்துக்கொண்டிருந்தான். அறைக்குள் கட்டிலில் சுகந்தி இருந்தாள். பக்கத்தில் இராசம்மா. கதிரையில், மைலோ கரைக்க எழுந்த கஜலக்சுமி.

மூலையில், நிலத்தில், சிவதர்சினி இருந்தாள். திங்கட்கிழமை அவன் முதன்முதலாகப் போன வீட்டுக்காரி. படித்த தமிழ்ப் பிள்ளை எங்களுக்கா பொய் சொல்லப்போகிறது என்று மற்றவர்களோடு வாதாடி, தன் குழந்தைக்குக் கடைத் தண்ணீர் வாங்குவதை அன்றைக்கே நிறுத்தியவள்.

அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் கிடந்த குழந்தையின் வாயிலிருந்து பால் போத்தலை மெல்ல இழுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.