பன்னிரண்டு ஜோடி பூட்ஸ்

“பூட்சைக் கழட்டிச் சாக்குல போடுங்க, வெரசா. வீடியோ சோலி முடிஞ்சிருச்சில்ல?” என்றார் திருப்பதி.

போடிமெட்டுக்கு மேலே இருந்த அந்த ஏலக்காய்த் தோட்டத்தின் சூப்பர்வைசர் அவர். கையில் ஒரு காலிச் சாக்கு. எதிரே காய் எடுக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். எல்லார் காலிலும் முழங்கால் வரை கறுப்பு ரப்பர் பூட்ஸ், காலையில்தான் பெட்டியிலிருந்து பிரித்தது.

பூட்ஸ் வந்தது பெண்களுக்காக அல்ல, வீடியோவுக்காக. ஏலக்காய் வாங்கும் ஜெர்மனிக்காரர், வேலையாட்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தார். முதலாளி ஜேசுதாஸ் போடியில் தெரிந்த கடையில் பன்னிரண்டு ஜோடி எடுத்து வந்தார். படம் பிடித்ததும் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

“முடியலண்ணே” என்றான் விஜயகுமார். போடியில் கல்யாண வீடியோ எடுப்பவன். “இன்னைக்குத் தோட்டம் முழுசாத் தெரியிற மாதிரி வைடு ஷாட்டு மட்டும்தான் ஆச்சு. மிட் ஷாட்டு, குளோசப்பு எல்லாம் பாக்கி. நாளைக்கும் வர்றேன்.”

திருப்பதி தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லாரும் கழற்றிப் போட்ட பிறகும் சந்திரவல்லி மட்டும் தயங்கி நின்றாள். போன மழைக்கு அட்டை கடித்த இடம் புண்ணாகி, ஒரு மாதம் வேலைக்கு வராமல் கிடந்தவள். மறுபடி அப்படிக் கிடந்தால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

“அண்ணே, இன்னைக்கு ஒரு அட்டை கூட ஏறல. எங்களுக்கே விட்டுறச் சொல்லி முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கண்ணே.”

“எனக்கு முந்தி இருந்த சூப்பர்வைசரு கேட்டாருல்ல, இதே மாதிரி பூட்சு வாங்கித் தாங்கன்னு. இப்ப அவரு எங்க இருக்காரு? கழட்டு ஆத்தா.”

அவள் கழற்றிச் சாக்கில் எறிந்தாள். நெஞ்சில் ஈரமில்லாத மனுசன் என்று அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாளிலிருந்து காலையில் பூட்ஸ் சாக்கை விட்டு வெளியே வரும், மாலையில் உள்ளே போகும். விஜயகுமாருக்கோ அவசரமே இல்லை. ஒரு நாள் மிட் ஷாட். ஒரு நாள் காய் பறிக்கும் விரல்கள் மட்டும் குளோசப். ஒரு நாள் மூடுபனியில் போகஸ் கிடைக்கவில்லை. ஒரு நாள் ஸ்டாண்டு கால் சேற்றில் சறுக்கி, எல்லாவற்றையும் ரீடேக் எடுக்க வேண்டும் என்றான். கேமரா பையில் இருக்கும்போதும் பெண்கள் பூட்ஸோடுதான் காய் எடுத்தார்கள்.

ஆறாம் நாள் முதலாளியின் ஜீப் ஏறி வந்தது.

“ரெண்டு நிமிச வீடியோவுக்கு ஆறு நாளா தம்பி? கல்யாணத்தையே ரெண்டு நாள்ல முடிச்சிருவியே.”

திருப்பதி முந்திக்கொண்டார். “நானும் அதத்தான் சொல்றேன் முதலாளி. பூட்சைத் திருப்பிக் குடுக்கவே விட மாட்டேங்குது இந்தத் தம்பி. நீங்க சரின்னா இப்பவே கழுவிக் கொண்டாந்துர்றேன்.”

“கழுவினா எல்லாம் போச்சு சார்” என்றான் விஜயகுமார். “தூரத்துல எடுத்த ஷாட்டுல பூட்செல்லாம் சேறா இருக்கு. கிட்டக்க எடுக்கிறதுல பளபளன்னு இருந்தா நம்புவாங்களா? ஒரு ஷாட்டுல எப்படி இருக்கோ அடுத்த ஷாட்டுலயும் அப்படியே இருக்கணும். கன்டினியூட்டின்னு பேரு. படத்துக்காக மாட்டிவிட்ட பூட்சுன்னு ஜெர்மனிக்காரன் கண்டுபிடிச்சா உங்களுக்குத்தான சார் கேவலம்?”

ஜேசுதாஸுக்கு முகம் சுருங்கியது. சந்திரவல்லியைக் கழற்றச் சொல்லி ஒரு பூட்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். பக்கமெல்லாம் கல் கீறிய கோடுகள். உள்ளே வியர்வை நாற்றம்.

“இதை எந்தக் கடைக்காரன் திருப்பி வாங்குவான்?”

“ஸ்டோர்லயும் போட்டு வைக்க முடியாது முதலாளி. இந்த வாடை ஏலக்காய்ல ஏறிரும்” என்றார் திருப்பதி. “அவளுகளே போட்டுத் தொலையட்டும்.”

முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். ஏலக்காய் என்றதும் அவருக்கு மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

“அதுவும் சரிதான். வச்சுக்கிறட்டும். தம்பி, நீ நாளைக்கோட முடிச்சிரு.”

ஜீப் இறங்கிப் போன பிறகும் பெண்கள் நம்பவில்லை. சந்திரவல்லி பூட்ஸை மடியில் வைத்துத் தடவினாள். கண் கலங்கிவிட்டது.

“நல்லா இருப்ப அப்பு” என்றாள் விஜயகுமாரிடம். பிறகு திருப்பதியின் பக்கம் திரும்பினாள். “போட்டுத் தொலையணுமாம்ல? நாங்க போட்டு நல்லா இருப்போம். நீங்க வயிறெரிய வேண்டாம்ணே.”

திருப்பதி காலிச் சாக்கை மடித்தார்.

சாயங்காலம் பெண்களை ஏற்றிக்கொண்டு வேலையாட்கள் ஜீப் முன்னால் போய்விட்டது. திருப்பதி விஜயகுமாரின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். பைக் நாலைந்து வளைவு இறங்கியது.

“நாளைக்கும் வரணுமாண்ணே?” என்றான் விஜயகுமார். “முத நாளே எல்லா ஷாட்டையும் எடுத்து முடிச்சிட்டேன். நீங்க சொன்னீகளேன்னு அஞ்சு நாளா மெமரி கார்டு இல்லாத கேமராவத் தூக்கிக்கிட்டு அலையிறேன்.”

“வா மாப்ளே” என்றார் திருப்பதி. “அவளுகளுக்கு மழைக்கோட்டுப் போட்டு ஒரு வைடு ஷாட்டு வேணும்னு முதலாளிகிட்ட கேட்டுப் பாரு.”