மீனுக்கு மட்டும்

மீன்தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியது. இருபதைத் தாண்டவே கூடாது.

தாண்டட்டும் என்று நின்றாள் அவள்.

அம்மா வேலை பார்த்த வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போயிருந்தார்கள். சாவியை மேசையில் விட்டெறிந்துவிட்டு, அந்த மீன் வெந்து சாவதைக் கண்ணால் பார்த்துவிட்டே போவது என்று முடிவு.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை மீன். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நாலு நாளாக அதைக் கவனிக்க யாரும் இல்லை.

அம்மா அதற்கு வைத்த பெயர் சின்ன முதலாளி. "பெரிய முதலாளிக்கு வேர்த்தா ஒரு துண்டு குடுத்தாப் போதும்டி. சின்ன முதலாளிக்கு வேர்த்தா என் வேலை போயிடும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம் கெட்டுப்போய், சரிசெய்கிறவன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான். அதுவரைக்கும் உறைய வைத்த தண்ணீர் பாட்டில். மூன்று மணி நேரத்துக்கு ஒன்று எடுத்துத் தொட்டியில் மிதக்க விட வேண்டும். அனல் உள்ளே வராமல் ஜன்னல்களைச் சாத்தி வைக்க வேண்டும். பாத்திரம் கழுவப் போன அம்மா, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த மூடிய வீட்டில் மீனுக்குக் காவல் இருந்தாள். குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூட்டிப்போக வந்தபோது கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. பக்கத்து வீட்டுக்காரர் பின்கதவை உடைத்தார். சமையலறைத் தரையில், ஃப்ரிட்ஜின் மூடிய கதவில் கன்னத்தை ஒட்டி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள் அம்மா. தொட்டால் சுட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்தார். "உடனே உடம்பக் குளிர வெச்சிருந்தா பொழைச்சிருப்பாங்கம்மா. வீட்ல துண்டு ஐஸ் கூடவா இல்ல?"

யாரையும் எதிர்த்துப் பேசி மடக்குகிறவள், அதனாலேயே தெருவில் வக்கீலம்மா என்று பெயர் வாங்கியவள், அன்றைக்கு நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இப்போது கைபேசி அடித்தது. வீட்டுக்காரம்மா.

"நடந்தது நடந்துபோச்சும்மா, எங்களுக்கும் மனசே ஆறல. நீ படிச்ச பொண்ணு, சொன்னாப் புரிஞ்சுக்குவ. ஒரே ஒரு பாட்டில எடுத்து உள்ள போட்டுட்டுப் போயிடும்மா, பாவம், வாயில்லா ஜீவன்."

வாயில்லா ஜீவன்! இணைப்பைத் துண்டித்தாள். அத்தனை பாட்டிலையும் எடுத்து வெயிலில் வீசுகிறேன் பார் என்று சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜின் மேல்கதவை இழுத்தாள்.

முகத்தில் குளிர் அறைந்தது.

எட்டுப் பாட்டிலில் ஒன்று தொட்டியில் உருகிக் கிடந்தது. மிச்சம் ஏழும் இங்கே, கல்லாக, ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படாமல். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் எழுதியிருந்தது: மீனுக்கு மட்டும்.

அம்மா நாற்பது வயதுக்குமேல் மகளின் பழைய பாடப்புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டப் பழகியவள். எழுதியிருந்தால் அவளுக்கு அது சட்டம். கையை வெளியே நீட்டாதே என்று பேருந்தில் படித்த நாளிலிருந்து, நிற்கிற பேருந்திலும் கையை மடியில் கட்டிக்கொண்டுதான் உட்காருவாள்.

மகள் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தாள். விரல்கள் மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கூடத்துக்குப் போய், அதைத் தொட்டியில் இறக்கினாள். அது ஒருமுறை உருண்டு, எழுத்து அவள் பக்கம் திரும்பி நின்றது. மீன் வந்து அதன் ஓரம் ஒண்டிக்கொண்டது.

முத்து முத்தான எழுத்து. பட்டம் வாங்கிய பிள்ளை எழுதினால்தான் அழகாக இருக்கும் என்று எட்டுப் பாட்டிலையும் பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தாள் அம்மா. மீனுக்கு என்று எழுதினால் போதும் என்றுதான் வீட்டுக்காரம்மா சொல்லியனுப்பியது.

வேறு யாராவது எடுத்துக் குடித்துவிட்டு, பழி அம்மா தலையில் விழுந்துவிடக் கூடாதே என்று, பக்கத்தில் இன்னொரு சொல்லையும் சேர்த்து அதன் கீழே இரண்டு கோடு இழுத்தவள் மகள்.