கடைசி அத்தியாயத்தின் பழுது

"பொழைச்சானா இல்லையா? அதை மட்டும் சொல்லிடு."

அறுவைச் சிகிச்சைக்கான பச்சை அங்கியோடு கட்டிலில் படுத்திருந்த கணவர்தான் கேட்டார். கேட்டது மனைவியிடம், இருவரும் சேர்ந்து படிக்கிற நாவலில் வரும் படகோட்டியைப் பற்றி.



மூடுபனி ஆற்றின் நடுவில் மந்திரக்காரியிடம் படகோட்டி மாட்டிக்கொண்டதோடு முதல் பாகம் முடிந்திருந்தது. இப்படியா அந்தரத்தில் விட்டுவிட்டுப் போவது என்று இருவரும் எழுத்தாளரைத் திட்டித் தீர்த்தார்கள். இரண்டாம் பாகம் வர ஆறு வருஷம் ஆயிற்று.

தினம் ஓர் அத்தியாயம். அவள் வாய்விட்டுப் படிப்பாள், அவர் கேட்பார். யாரும் முந்திக்கொண்டு படிக்கக் கூடாது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தொழில் புத்தி எங்கே போகும்? அத்தியாயம் முடிந்ததும் பென்சிலை எடுத்துக் கடைசி வரிக்குக் கீழே எழுதிவிடுவார். லிஃப்ட் பதிவேட்டில் எழுதுவதுபோலவே தேதி, நேரம், சரியா பழுதா. பழுது என்றால், கீழே பழுது பார்த்தவர் பெயருக்கென்று ஒரு கோடு காலியாக விடுவார். நாலாவது அத்தியாயத்துக் காதல் காட்சிக்கு, "சத்தம் ஜாஸ்தி, எண்ணெய் போடணும்" என்று எழுதி வைத்த மகானுபாவர்.

ஒன்பதாவது அத்தியாயம் முடிந்த மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மீதி இருபத்திரண்டு அத்தியாயங்கள். டாக்டரோ உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

முந்தாநாள் தன் தையல் கடையில் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். மனசு கேட்காமல் கடைசி அத்தியாயத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டாள். எல்லோரையும் கரை சேர்த்துவிட்டுப் படகோட்டி ஆற்றோடு போய்விட்டான். தைக்கக் கொடுத்திருந்த யாருடைய சட்டைத் துணியோ நனைகிற அளவுக்கு அழுதாள்.

நேற்று குளித்து மாற்றுத் துணி எடுத்துவர அவள் வீட்டுக்குப் போனபோது, புத்தகம் ஆஸ்பத்திரியில் அவர் தலைமாட்டில்தான் இருந்தது.

இப்போது கேட்கிறார்.

"கரை சேர்ந்துட்டான்" என்றாள். "நனைஞ்ச சட்டையைப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டு, பசிக்குதுன்னு வந்து நின்னான். பொண்டாட்டி திட்டிக்கிட்டே சாப்பாடு போட்டா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பரவாயில்லையே, நல்லாத்தான் முடிச்சிருக்காங்க."

கையெழுத்துப் போட நர்ஸ் கூப்பிட்டாள். போய்விட்டு வருவதற்குள் கட்டிலை நகர்த்தத் தயாராகிவிட்டார்கள். அவர் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். வந்ததும் பத்தாவதிலிருந்து தொடங்க வேண்டுமாம், ஏமாற்றக் கூடாதாம்.

கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வந்துவிட்டால் ஒருநாள் கடைசி அத்தியாயத்தையும் படித்தாக வேண்டும். பொய் சொன்னது வெட்டவெளிச்சமாகிவிடும்.

வரட்டும். முதலில் வந்து சேரட்டும்.

பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள். அந்த அத்தியாயத்தையே கத்தரித்து எடுத்துவிட்டால், காணாமல் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். தனக்குத் தெரியாத வெட்டு வேலையா? கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

கடைசி வரிக்குக் கீழே பென்சில் எழுத்து. முந்தாநாள் அது அங்கே இல்லை.

நேற்றைய தேதி. மாலை 4.10. பழுது.

அடுத்த வரியில் இன்றைய தேதி. காலை 7.20. சரியாச்சு.

பழுது பார்த்தவர்: டெய்லர்.