பானையைக் காணோம்

பாஸ்கெட்பால் கோர்ட் ஓரத்தில் இருந்த தண்ணீர்ப் பானையைப் பத்து நாளாகக் காணோம்.

உடைந்திருக்கும் என்றுதான் ஜாவித் முதலில் நினைத்தான். மூன்றாம் நாள் பிராக்டீஸில்தான் கவனித்தான். பிரேக் விசில் அடித்ததும் டீமே ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் நழுவுகிறது. திரும்பும்போது எல்லாரும் வாயைத் துடைத்துக்கொண்டே வருகிறார்கள்.

அவனை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

இத்தனைக்கும் கோயமுத்தூரிலேயே இந்தக் காலேஜ் டீமை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேச்சு. பேச்சுதான்! லீக்கின் முதல் மேட்சிலேயே பதினெட்டுப் பாயிண்ட் வித்தியாசத்தில் மண்ணைக் கவ்வியாயிற்று. கேப்டன் வேலுமணி, ஜாவித் பக்கம் பந்தையே தரவில்லை. தப்பித் தவறி வந்த ரெண்டு பந்தையும் ஜாவித் கோட்டைவிட்டான்.

"ஏனப்பா, அஞ்சு பேரும் அஞ்சு பஸ் ஏறி அஞ்சு ஊருக்குப் போறீங்களா?" என்று கத்தினார் கோச் சீனிவாசலு. "அடுத்த மேட்சும் தோத்தீங்கன்னா டீமையே கலைச்சுப்போடுவேன், பாத்துக்கங்க!"

பானை போனதிலிருந்து ஜாவித் வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர் குடித்தான். போன மாதம்தான் கல்லடைப்பு வந்து துடித்தான். 'தண்ணி நெறையக் குடி' என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்தால் கோச் வெளியே உட்கார வைத்துவிடுவார் என்று டீமில் அவன் மூச்சு விடவில்லை.

போன மாதம் வரைக்கும் ஒரே தம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்த பசங்கள். இப்போது என்ன வந்தது? மாவட்ட டீமுக்கு இவன் ஒருத்தன் மட்டும் செலக்ட் ஆன வயிற்றெரிச்சலா? இல்லை, வேறு ஏதாவதா? அந்த வேறு ஏதாவதை நினைக்கவே நெஞ்சு எரிந்தது.

'டீமை விட்டு விலகுகிறேன்' என்று ஒரு கடுதாசி எழுதினான். மறுநாள் பிராக்டீஸில் பிரேக் விசில் அடித்ததும் நேராக ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் போய் நின்றான்.

பானை அங்கேதான் இருந்தது. இவனைக் கண்டதும் வேலுமணி தம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். சாய்குமார் வாயில் இருந்த தண்ணீரை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தான்.

"ஒளிச்சு வெச்சுக் குடிக்கறீங்களாடா? நான் தொட்டா தீட்டாயிருமா?" கடுதாசியை விட்டெறிந்தான்.

எடுத்துப் படித்த வேலுமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"ஏண்டா லூசு! இது ரம்ஜான் மாசம்டா. நோம்போட வெயில்ல நிக்கற உன்ற கண்ணு முன்னால எப்பிடிடா தண்ணி குடிக்கறது? மனசு வல்லேடா."

"அப்ப எனக்குப் பந்து குடுக்காதது?"

"குடுத்தா நீ ஓடோணுமல்ல? மயங்கி உழுந்துட்டீன்னா உங்கம்மாளுக்கு யாரு பதில் சொல்றது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்னடா?"

"நீ மட்டும் கேட்டியாக்கும்? நேரா கடுதாசியோட வாறே!"

ஜாவித்துக்குப் பத்து நாள் பாரமும் இறங்கிப்போனது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, மண்ணிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அட கூறுகெட்டவனுகளா! கல்லடைப்புக்கு மருந்து சாப்புடறேண்டா. இந்த வருசம் நோம்பே வெக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. மொதல்ல அந்தத் தம்ளரைக் குடு!"