பச்சை விளக்கு

"வீட்டுல நீங்க மட்டும்தானா, சிஸ்டர்?"

கதவுக்கு வெளியே நின்றவன் கேட்ட முதல் கேள்வியே அதுதான். லியான் கொசுவலைக் கதவின் கொக்கியை எடுக்காமலே, "எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள்.

"வேலை முடியுற வரைக்கும் பெரியவங்க யாராவது ஒருத்தர் இருக்கணும். ஆபீஸ் ரூல்."

கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினான். ஃபிலிப்போ என்று பெயர் போட்டிருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

தோன்றாமல் என்ன செய்யும்? ராக்ஹாம்ப்டனில் புருஷன் ஷேனிடம் அடிபட்டது போதும் என்று, டிவியையும் இரண்டு பைகளையும் காரில் போட்டுக்கொண்டு பிரிஸ்பேனுக்கு ஓடி வந்தவள் அவள். இந்த விலாசம் பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. ஆனால் ஷேனுக்கு ஊரெல்லாம் சிநேகிதர்கள். ஆளனுப்பத் தயங்குகிற ரகமும் இல்லை.

பெண்கள் காப்பகத்தில் வாசலுக்கு ஒரு கேமராவும், ஆபத்துக்கு அழுத்த ஒரு பட்டனும் கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் நெட் வேண்டும். அவள் செல்போன் கம்பெனிக்கோ இந்த வீட்டுக்குள் சிக்னலே கிடையாது. புதுக் கேபிள் மோடம் வந்த நாளிலிருந்து ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கொக்கியை எடுத்தாள்.

ஃபிலிப்போ மோடத்தை அணைத்துப் போட்டான். ஆரஞ்சுதான். சுவரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றி மறுபடி திருகினான். அப்போதும் ஆரஞ்சுதான்.

"நல்லா முறுக்கினீங்களா?"

"கை வலிக்கிற அளவுக்கு."

"அப்ப உங்க மேல தப்பு இல்ல. மோடம் மேலயும் இல்ல." சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "வீட்டுக்கு அடியில போய்ப் பாக்கணும். பின்னால வழி இருக்கா?"

விரலை நீட்டிக் காட்டினாள். குட்டைத் தூண்களின் மேல் நிற்கும் மர வீடு அது. கொஞ்ச நேரத்தில் தரைப் பலகைக்குக் கீழே அவன் தவழ்ந்து நகர்வது அவள் பாதத்துக்கே தெரிந்தது. பிறகு சத்தம் நின்றது. பலகை இடுக்கு வழியாக, யாரிடமோ போனில் பேசும் தணிந்த குரல் கேட்டது.

"ஆமா, வந்துட்டேன்... இல்ல, தனியாத்தான் இருக்கா... முடிக்காம வர மாட்டேன்னு சொல்றேன்ல?"

ஓடலாம் என்றால் கார் சாவி எங்கே வைத்தோம் என்பதே நினைவுக்கு வரவில்லை. சமையலறைக் கத்தியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஜன்னலோடு ஒட்டி நின்றாள்.

ஃபிலிப்போ சட்டையெல்லாம் மண்ணோடு மூச்சு வாங்க உள்ளே வந்தான். கையில் ஒரு துண்டுக் கேபிள்.

"எலி வேலை, சிஸ்டர். தோலை உரிச்சு வச்சிருக்கு பாருங்க. புதுசு இழுத்துட்டேன். மானேஜர் நாளைக்குப் பாத்துக்கலாம் வாடாங்கிறார். தனியா ஒரு பொம்பள, போன்கூட எடுக்காத வீடு, எப்படிய்யா விட்டுட்டு வர்றதுன்னு சண்டை போட்டேன்." அவளுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் கண்ணாடியில் தெரிந்ததைப் பார்த்தான். "அந்தக் கத்திய வச்சுடுங்க. கைய வெட்டிக்கப் போறீங்க."

லியானை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் ஒன்றும் நடக்காதது போல மோடத்தின் முன் குந்தினான். ஆரஞ்சு இரண்டு தரம் தயங்கிவிட்டு, பச்சையாகி, அப்படியே நின்றது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வைஃபைக்குப் புதுப் பேர் வைக்கவா? இல்ல, பழைய வீட்டுல இருந்த பேரும் பாஸ்வேர்டுமே போட்டுரவா? பழசுன்னா, அங்க ஒட்டியிருந்த போன், டிவி எல்லாம் தானா ஒட்டிக்கும்."

"பழசே போடுங்க. அந்த டிவி ரிமோட்டுல ஒவ்வொரு எழுத்தாத் தேடி அமுக்குறதுக்குள்ள பொழுது போயிடும்." பேரையும் பாஸ்வேர்டையும் சொன்னாள். அவன் தட்டிக்கொண்டான். "வாசல் கேமரா வரைக்கும் எடுக்குமா?"

"மர வீடுதானே? வேலியத் தாண்டியே எடுக்கும். மொதல்ல இதெல்லாம் ஒட்டட்டும், அப்புறம் கேமராவ மாட்டித் தரேன்."

இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு லியான் டீக்குத் தண்ணீர் வைத்தாள். ராக்ஹாம்ப்டனை விட்டு வந்த பிறகு முதல்முறையாக இன்று இரவு தூங்கலாம் என்று தோன்றியது. கப்பைக் கழுவும்போது, பள்ளிக்கூடத்தில் பாடிய பாட்டு ஒன்று தானாக வாயில் வந்தது.

கூடத்தில் ஃபிலிப்போ தன் போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உங்க போன் வந்துடுச்சு... டிவியும் வந்துடுச்சு..."

"சர்க்கரை எவ்வளவு போடட்டும்?" என்றாள் லியான், உள்ளேயிருந்து.

"அட, 'ஷேன்'னு இன்னொரு போனும் ஒட்டிக்கிச்சே! யாரு சிஸ்டர், வெளிய நிக்கிறது?"