லெஸ்லிக்காக

"இன்னைக்கும் அந்த லெஸ்லிதானா, நான் கேக்கேன்—"

"ஜெபம் முடியல, கண்ண மூடுங்க—"

"மூடிட்டுத்தான் இருந்தேன். அவன் பேரு வந்துச்சு, கண்ணு தொறந்துட்டு—"

"ஆமென் சொல்லாம எந்திரிக்காதீங்க, சொல்லிட்டேன்—"

புருஷன் குரல் மேல் பெண்டாட்டி குரல் ஏறியது. இருவருக்கும் நடுவே, பாயில், வேதாகமம் திறந்தபடி கிடந்தது.

அவருக்கு மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்தார்.

அவள் தண்ணீர் நீட்டினாள்.

வாங்கவில்லை.

பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே இறக்கிவிடுவார். அவர் வீட்டுச் சாயங்கால ஜெபத்திலேயே ஒருத்தன் டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டான்.

முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டபோது அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சர்ச்சில் மணியடிக்கும் கோயில்குட்டியைத்தான் போய்க் கேட்டார், சபையில் லெஸ்லி என்று யாரும் உண்டா என்று. உண்டு, ஓய்வுநாள் பள்ளியில் பால் பல் விழுந்த பையன் ஒருத்தன், என்றார் கோயில்குட்டி.

பிறகு அவளே சொன்னாள். லெஸ்லி ஞானராஜ். போலீஸ் அதிகாரி. நாவலில் வருகிறவன்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், லெந்து காலத்தில், ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். கறி, மீன், காப்பி. இந்த வருஷம் அவள் கதைப் புத்தகத்தை விட்டாள். லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எந்தப் பக்கத்தில் இருந்தாளோ அந்தப் பக்கத்திலேயே மூடி, பீரோவில் வைத்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் லெஸ்லி ஐஸ் ஃபாக்டரிக்குள் போயிருந்தான். கொலைகாரனும் உள்ளேதான் இருந்தான். இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே கதாநாயகி ஷெரின் நின்றுகொண்டிருந்தாள், தனியாக.

ஈஸ்டர் வரைக்கும் அவர்கள் அப்படியேதான் நிற்க வேண்டும்.

அதனால் ஜெபித்தாள்.

"அச்சடிச்சு வந்த கதை. நீ ஜெபிச்சா மாறிருமா ஏட்டி?" என்று கேட்டிருந்தார்.

"நான் இன்னும் வாசிக்கலல்லா" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ஆண்டவரிடம்கூட வீட்டுத் தலைவர் என்றுதான் சொல்வாள். ஆண்டவருக்கு ஆளைத் தெரியும் என்பாள். இவனுக்கு மட்டும் முழுப் பெயர்.

அது போகட்டும்.

நெஞ்சைத் திறக்க வேண்டும், திங்கட்கிழமை ஆபரேஷன், அவள் தியேட்டர் கதவுக்கு வெளியே காத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டுத் தலைவரும் ஜெபத்தில் வருவதில்லை. பிள்ளைகள் வந்தார்கள். சபை ஐயர் வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பரீட்சை வந்தது. லெஸ்லி வந்தான். ஆமென்.

அவர் தினமும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

நேற்று அவள் லெந்து ஆராதனைக்குப் போனதும் பீரோவைத் திறந்தார். அப்படி என்னதான் இருக்கிறது அவனிடம் என்று பார்க்க.

உயரமாக இருந்தான். துப்பாக்கி வைத்திருந்தான். முழங்கால் போட்டு ஜெபமும் பண்ணினான். ஷெரினின் கையைக்கூடத் தொடவில்லை. உள்ளே போகும் முன் திரும்பி நின்று, நீ இங்கேயே நின்று ஜெபம் பண்ணு, நான் வந்துவிடுவேன் என்றான்.

எந்த ஆம்பளை இப்படிப் பேசுவான், என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. ஃபிளாஸ்க்கில் காப்பி அப்படியே இருந்தது. கேட் திறக்கும் சத்தம் கேட்டபோது இன்னும் கொஞ்சம் பக்கம் பாக்கி. குளியலறைக்குக் கொண்டுபோய்த் தாழ் போட்டு வாசித்து முடித்தார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவரும் அவளிடம் ஒன்று சொல்லத்தான் செய்தார்.

வந்துவிடுவேன் என்றல்ல. பீரோ சாவி அரிசி டின்னுக்குள் இருக்கிறது என்றார்.

இப்போது சுவரில் சாய்ந்தபடி, அவளுக்கு வலிக்கட்டும் என்றே சொன்னார்:

"நான் வாசிச்சு முடிச்சாச்சு, உன் லெஸ்லிய. என்ன ஆனான்னு சொல்லட்டா?"

கத்துவாள் என்று நினைத்தார்.

கத்தவில்லை. தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரிக்கென்று கட்டி வைத்திருந்த பையை இழுத்து, அவருடைய துண்டை வெளியே எடுத்தாள். உதறினாள். மடித்தாள். மடித்ததைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"முடிவு எனக்கு வேண்டாம். லெந்து முடியட்டும். இது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் கதவு தொறந்துச்சா?"